மரியாதை கேட்டவர்கள் உரிமைக்கு வந்து சேர்ந்தது எப்படி? மான்ட்கமரி பேருந்து வழக்கு, 1955–56

1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை மாலை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகரான மான்ட்கமரியில், கிளீவ்லாண்ட் அவென்யூ தடத்தில் போய்க்கொண்டிருந்த பேருந்தில் ஒரு வெள்ளைக்காரர் உட்கார இடமில்லாமல் நின்றார். ஓட்டுநர் ஜேம்ஸ் பிளேக் திரும்பிப் பார்த்து, நடுப்பகுதியின் முதல் வரிசையில் இருந்த நான்கு கறுப்பினப் பயணிகளையும் எழுந்திருக்கச் சொன்னார். நின்றவர் ஒருவர், எழச் சொன்னது நான்கு பேரை. மூவர் எழுந்தார்கள். பெரிய கடை ஒன்றில் தையல் வேலையை முடித்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த 42 வயது ரோசா பார்க்ஸ் எழவில்லை.

இந்தக் காட்சியைப் பலரும் கேட்டிருப்போம். ஒருவருக்காக நான்கு பேர் என்ற கணக்கை மட்டும் கவனிக்காமல் தாண்டிவிடுகிறோம். இடப்பற்றாக்குறைதான் சிக்கல் என்றால் ஒருவர் எழுந்தாலே போதும். ஆனால் வெள்ளையர் ஒருவர் அமரும் வரிசையில், நடைபாதைக்கு அந்தப் பக்கம்கூட, கறுப்பர் ஒருவர் இருக்கக்கூடாது. இருந்தால் இருவரும் ஒரே மட்டம் என்றாகிவிடும். அதைத் தடுக்க மூன்று இருக்கைகள் காலியாகப் போனாலும் பரவாயில்லை, மூன்று பேர் நின்றபடி போனாலும் பரவாயில்லை. பாகுபாடு என்பது ஒருவருக்குக் குறைவாகக் கொடுப்பது. இன ஒதுக்கல் அதற்கும் அப்பால் போகிறது: யார் மேல், யார் கீழ் என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும்படி மனிதர்களை அடுக்கிவைக்கிறது. அந்த நான்கு இருக்கைகளை வைத்தே இந்த வேறுபாட்டை யாருக்கும் விளக்கிவிடலாம்.

இந்த ஆய்வில் நான் பின்தொடர விரும்புவது ஒரே ஒரு கேள்வியை. அந்த ஊர்க் கறுப்பின மக்கள் முதலில் கேட்டது இன ஒதுக்கலின் முடிவை அல்ல. ஒதுக்கலுக்கு உள்ளேயே கொஞ்சம் மரியாதையைத்தான் கேட்டார்கள். ஓராண்டுக்குப் பின் அவர்கள் கையில் வந்தது அரசமைப்பு உரிமை. இடையில் என்ன நடந்தது?

ஏட்டில் இருந்த விதி, பேருந்தில் இருந்த வழக்கம்

நகர மக்களில் ஐந்தில் இருவர் அளவுக்குக் கறுப்பினத்தவர். பேருந்துப் பயணிகளிலோ நான்கில் மூன்று பங்கு அவர்களே. பேருந்தில் 36 இருக்கைகள். முன்னால் உள்ள 10 வெள்ளையருக்கு. ஒரு வெள்ளையர்கூட ஏறாத நேரத்திலும் அவை காலியாகவே கிடக்கவேண்டும். பின்பகுதி கறுப்பினத்தவருக்கு. நடுவில் இருந்தவை ஓட்டுநரின் விருப்பப்படி இங்கும் அங்கும் நகரும். பல ஓட்டுநர்கள், முன்வாசலில் ஏறிக் கட்டணம் செலுத்தும் கறுப்பினப் பயணியைக் கீழே இறங்கிப் பின்வாசல் வழியாக ஏறச் சொல்வார்கள். அவர் பின்வாசலை அடைவதற்குள் வண்டி நகர்ந்துவிடுவதும் உண்டு. 1943இல் ரோசா பார்க்ஸுக்கு அப்படித்தான் நடந்தது. அன்றைய ஓட்டுநரும் இதே பிளேக்தான்.

நகர விதி ஓட்டுநருக்குக் காவலருக்குரிய அதிகாரத்தைக் கொடுத்திருந்தது. ஆகவே இருக்கைத் தகராறு என்பது வெறும் வாய்த்தகராறாக முடியாது. 1950இல் இப்படி ஒரு பேருந்துத் தகராறில் முன்னாள் ராணுவ வீரர் ஒருவரைக் காவலர் சுட்டுக்கொன்றார்.

இங்கே ஒரு விவரம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1900ஆம் ஆண்டு நகர விதி, பயணிகளை இனவாரியாகப் பிரித்து அமர்த்தச் சொன்னது உண்மைதான். ஆனால் வேறு காலி இடம் இல்லாதபோது, உட்கார்ந்திருப்பவரை எழுப்பி நிற்கவைக்கக்கூடாது என்றும் அதே விதியில் இருந்தது. பார்க்ஸ் அமர்ந்திருந்தது வெள்ளையர் இருக்கையும் அல்ல, நடுப்பகுதி இருக்கை. பேருந்தோ நிரம்பியிருந்தது. நகர விதியின்படியே அவர் எழவேண்டிய அவசியமில்லை. நான்கு பேரை எழுப்பியது ஐம்பது ஆண்டுகளில் ஊறிப்போன வழக்கம். அநீதியான சட்டம் ஒன்றை எழுதிவைத்தால், அதைச் செயல்படுத்துபவர்கள் அதில் எழுதியதோடு நிற்பதில்லை. அதன் மனநிலையை எடுத்துக்கொண்டு மேலும் சில அடி போகிறார்கள். பார்க்ஸ் மீதான வழக்கு மாநிலச் சட்டத்தின் கீழ் நடத்தப்பட்டு, டிசம்பர் 5 அன்று 10 டாலர் அபராதமும் 4 டாலர் நீதிமன்றச் செலவும் விதிக்கப்பட்டன.

ஒன்பது மாதம் முன்னால் ஒரு மாணவி

1955 மார்ச் 2 அன்று, 15 வயதுப் பள்ளி மாணவி கிளாடெட் கோல்வின் அதே ஊரில், அதே காரணத்துக்காகப் பேருந்திலிருந்து காவலர்களால் இழுத்து இறக்கப்பட்டார். கைவிலங்கும் பூட்டினார்கள். இது தன் அரசமைப்பு உரிமை என்று அவர் சத்தம்போட்டுச் சொல்லிக்கொண்டே போனார். பள்ளியில் அப்போதுதான் கறுப்பின வரலாற்றையும் அரசமைப்பையும் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்மேல் மூன்று குற்றச்சாட்டுகள்: ஒதுக்கல் சட்டத்தை மீறியது, அமைதியைக் குலைத்தது, காவலரைத் தாக்கியது. மேல்முறையீட்டில் முதல் இரண்டும் கைவிடப்பட்டன. தாக்குதல் குற்றச்சாட்டு மட்டும் நிலைத்தது. ஒதுக்கல் சட்டம் செல்லுமா என்ற கேள்வியை எழுப்புவதற்கான வாசல் இதனால் சாத்தப்பட்டது. மாணவிக்குக் குற்றவாளி என்ற பெயரும் நன்னடத்தைக் கண்காணிப்பும் மிஞ்சின.

ஊர்த் தலைவர்கள் அவரைச் சுற்றி ஒரு போராட்டம் கட்டலாமா என்று யோசித்துப் பின்வாங்கினார்கள். வயது சின்னது, சட்டென்று கோபம் வரும், ஏழைக் குடும்பம். சில மாதங்களில் திருமணமாகாமலே கருவுற்றார் என்பதும் சேர்ந்துகொண்டது. அக்டோபர் 21இல் 18 வயது மேரி லூயிஸ் ஸ்மித் கைதானபோதும் அப்படியே. பார்க்ஸ் கைதானதும் ஊரே எழுந்ததற்குக் காரணம் உண்டு. தேசியக் கறுப்பின முன்னேற்றச் சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் நீண்டகாலச் செயலாளர், அமைதியானவர், ஒழுக்கத்தில் யாரும் குறை சொல்ல முடியாதவர்.

தலைவர்களைக் குற்றம் சொல்வது எளிது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கோல்வினின் சொந்த வாழ்க்கையைக் கிழித்துப் போடுவார் என்று அவர்கள் அஞ்சியது வீண் பயம் இல்லை. அதை ஒப்புக்கொண்டுதான் சொல்கிறேன்: உரிமை என்பது நல்ல பெயர் வாங்கியவர்களுக்குத் தரும் பரிசு ஆகிவிடக்கூடாது. கோபக்காரப் பெண்ணுக்கும், ஏழைக்கும், ஊர் பழிக்கும் தாய்க்கும் அது சமமாக உண்டு என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். கீழே தள்ளப்பட்ட சமூகமும் தனக்குள் ஒரு வரிசை வைத்திருக்கிறது. யாரை முன்னால் நிறுத்துவது என்ற கேள்வி வரும்போது அந்த வரிசை வெளியே தெரிந்துவிடுகிறது.

மூன்று கோரிக்கைகள்

பார்க்ஸ் கைதானதும் தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பு ஒரே இரவில் முளைத்ததில்லை. அலபாமா மாநிலக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த ஜோ ஆன் ராபின்சன், 1949இல் கிட்டத்தட்டக் காலியான ஒரு பேருந்தில் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்ததற்காக ஓட்டுநரிடம் வசைவாங்கி அழுதுகொண்டே இறங்கியவர். மகளிர் அரசியல் மன்றத்தின் தலைவரானதும் பேருந்து விவகாரத்தை அவர் விடவில்லை. 1954 மே 17இல் பள்ளிகளில் இன ஒதுக்கல் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான்கே நாள் கழித்து, மே 21 அன்று, மேயர் கெய்லுக்கு ராபின்சன் கடிதம் எழுதினார். நிலைமை மாறாவிட்டால் பேருந்துகளைப் புறக்கணிக்கும் பேச்சு பல அமைப்புகளில் நடக்கிறது என்று அதில் தெளிவாகவே எச்சரித்திருந்தார். பார்க்ஸ் கைதான இரவு, கல்லூரியின் நகலெடுக்கும் இயந்திரத்தில் விடியவிடியப் பல்லாயிரம் துண்டறிக்கைகளை அவரும் உடனிருந்த சிலரும் அச்சடித்தார்கள். திங்கட்கிழமை பேருந்தில் ஏறவேண்டாம் என்பதே செய்தி.

டிசம்பர் 5, திங்கட்கிழமை, பேருந்துகள் ஏறக்குறைய காலியாக ஓடின. அன்று பிற்பகலில் மான்ட்கமரி மேம்பாட்டுச் சங்கம் உருவாயிற்று. ஊருக்கு வந்து அதிக காலம் ஆகாத, அதனால் யாரிடமும் பழம்பகை இல்லாத, 26 வயதுப் பாதிரியார் மார்ட்டின் லூதர் கிங் தலைவரானார். இரவு ஹோல்ட் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் திரண்ட ஆயிரக்கணக்கானோர் புறக்கணிப்பைத் தொடர முடிவெடுத்தார்கள்.

அவர்கள் வைத்த கோரிக்கைகள் மூன்று. ஓட்டுநர்கள் மரியாதையாக நடக்கவேண்டும். வெள்ளையர் முன்னாலிருந்து பின்னோக்கியும், கறுப்பினத்தவர் பின்னாலிருந்து முன்னோக்கியும், முதலில் வருபவர் முதலில் என்று அமரலாம், உட்கார்ந்தவரை எழுப்பக்கூடாது. கறுப்பினப் பயணிகள் மிகுந்த தடங்களில் கறுப்பின ஓட்டுநர்களை அமர்த்தவேண்டும்.

இரண்டாவதைத் திரும்பப் படியுங்கள். பிரித்து உட்காரவைப்பதை அது ஏற்றுக்கொள்கிறது. வெள்ளையர் முன்னால், கறுப்பினத்தவர் பின்னால் என்ற பிரிவு அழியாவிட்டாலும், இழிவு குறைந்தால் போதும் என்கிறது. அதே மாநிலத்தின் மொபீல் நகரில் இந்த ஏற்பாடு ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது. கோரிக்கை இவ்வளவு மிதமாக இருக்கிறதே என்றுதான் தேசியச் சங்கத்தின் தலைமை முதலில் ஒதுங்கி நின்றது.

நகர நிர்வாகம் அதையும் மறுத்தது. சட்டம் இடம்கொடுக்காது என்பது வெளியே சொன்ன காரணம். பேச்சுவார்த்தை மேசையில் பேருந்து நிறுவனத்தின் வழக்கறிஞர் வேறொன்றையும் சொன்னதாகக் கிங் பின்னர் பதிவுசெய்தார்: இதைக் கொடுத்துவிட்டால் வெள்ளையரை வென்றுவிட்டோம் என்று கறுப்பர்கள் பெருமையடிப்பார்கள், அதைப் பொறுக்கமுடியாது. இந்த ஒரு பதில்தான் வழக்கின் போக்கையே மாற்றியது என்பது என் கணிப்பு. மரியாதை என்பது கொடுப்பவர் கையில் இருப்பது. கொடுக்கலாம், நாளை திரும்பப் பிடுங்கலாம், கொடுக்காமலே இருக்கலாம். கேட்டவர்களுக்கு இது அனுபவமாகவே புரிந்துபோயிற்று. உரிமை கேட்பதற்கு யாருடைய பெருந்தன்மையும் தேவையில்லை.

நடந்தவர்களும் ஓட்டியவர்களும்

முதல் நாட்களில் கறுப்பினத்தவரின் வாடகைக் கார்கள் பேருந்துக் கட்டணமான 10 சென்டுக்கே ஆட்களை ஏற்றின. குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற விதியைக் காட்டி நகரம் அதை நிறுத்தியது. 1953இல் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் நடந்த பேருந்துப் புறக்கணிப்பில் சொந்தக் கார்களைப் பகிர்ந்து ஓட்டிய அனுபவம் இருந்தது. அங்கிருந்து யோசனை வாங்கினார்கள். சுமார் 300 கார்கள், நாற்பதுக்கும் மேற்பட்ட ஏற்றுமிடங்கள், நேர அட்டவணை என்று ஒரு போக்குவரத்துத் துறையையே அந்த மக்கள் தாமாக நடத்தினார்கள். பெரிய வண்டிகளைத் தேவாலயங்களின் பெயரில் வாங்கினார்கள். உள்ளூரில் காப்பீடு ரத்தானபோது லண்டன் லாயிட்ஸ் வரை போய்க் காப்பீடு பெற்றார்கள்.

பணத்துக்கு நன்கொடைகள் வந்தன. ஆனால் எனக்கு மனதில் நிற்பது ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண்மணி. அவரும் தோழிகளும் உணவும் இனிப்புப் பண்டங்களும் சமைத்து விற்று, வாராவாரம் கூட்டத்தில் பணத்தைக் கொண்டுவந்து வைப்பார்கள். அந்தக் குழுவுக்கு வைத்த பெயர் ‘எங்கிருந்தும் வராத சங்கம்’. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ‘எங்கிருந்தும் இல்லை’ என்று சொல்லலாம். வாங்கியவர் யார், சமைத்தவர் யார் என்று வெளியே தெரியாது. வெள்ளையர் வீடுகளில் வேலைபார்த்த பெண்களுக்கு அந்த மறைப்பு தேவைப்பட்டது.

பண்பாடு என்ற சொல்லைக் கலை, விழா, உடை என்று மட்டும் எண்ணுகிறவர்கள் இந்த ஓராண்டைப் பார்க்கவேண்டும். தேவாலயம், கறுப்பினக் கல்லூரி, அவர்களுடைய வாடகைக் கார் நிறுவனங்கள், பெண்கள் மன்றம் எல்லாமே வெள்ளையர் உலகம் உள்ளே விடாததால் தனியாக எழுந்தவை. ஒதுக்கிவைத்தவர்கள் அறியாமலேயே, ஒதுக்கப்பட்டவர்களுக்கென்று ஒரு முழு ஊர் உருவாகியிருந்தது. துண்டறிக்கை அச்சடிக்க இயந்திரம், ஆயிரம்பேர் கூட மண்டபம், வாராவாரம் பாடவும் அழவும் ஒரு மேடை. கால் வலித்தவர்கள் அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் மறுநாளும் நடந்தார்கள்.

ஒரு சிறு செய்தி. தங்கள் வீட்டு வேலைக்காரப் பெண்களை வெள்ளைக்கார இல்லத்தரசிகள் பலர் தாங்களே காரில் அழைத்துவந்தார்கள். இது புறக்கணிப்புக்குத் துணைபோகிறது என்று மேயர் கண்டித்தார். அவர்கள் நிறுத்தவில்லை. கொள்கையால் செய்தவர்கள் சிலர். வீட்டுவேலை நடக்கவேண்டுமே என்று செய்தவர்கள் பலராக இருக்கலாம். எப்படியாயினும், ஒதுக்கி வைக்கப்பட்டவர்களின் உழைப்பு இல்லாமல் ஒதுக்கியவர்களின் ஒரு நாள்கூட நகராது என்பது அந்தக் கார்களில் தெரிந்தது.

1956 ஜனவரியில் நகர ஆணையர்கள் கெடுபிடிக்கு மாறினார்கள். 25 மைல் வேகத்தில் போகவேண்டிய இடத்தில் 30 மைல் வேகத்தில் ஓட்டியதாகக் கிங் கைதானார். ஜனவரி 30 அன்று அவர் வீட்டில் குண்டு வெடித்தது. பிப்ரவரியில், 1921ஆம் ஆண்டின் புறக்கணிப்புத் தடைச் சட்டத்தைத் தூசிதட்டி எடுத்து எண்பதுக்கும் மேற்பட்டோர் மீது குற்றம் சாட்டினார்கள்.

நான்கு பெண்களின் வழக்கு

குண்டு வெடித்து இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 1 அன்று, 25 வயது வழக்கறிஞர் ஃப்ரெட் கிரே மத்திய நீதிமன்றத்தில் மனுத்தாக்கல் செய்தார். இதில் மிதமான கோரிக்கை எதுவும் இல்லை. பேருந்தில் இன ஒதுக்கல் என்பதே அரசமைப்புக்கு எதிரானது என்ற ஒரே வாதம்.

மனுவில் ரோசா பார்க்ஸின் பெயர் இல்லை. அவருடைய மேல்முறையீடு மாநில நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தது; மத்திய வழக்கில் அவரைச் சேர்த்தால், மாநிலக் குற்றவழக்கில் குறுக்கிடுகிறார்கள் என்று சொல்லி எதிர்த்தரப்பு காலத்தை இழுக்கும். மனுதாரர்களாக வந்தவர்கள் ஆரேலியா பிரௌடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், கிளாடெட் கோல்வின். ஐந்தாவதாகக் கையெழுத்திட்ட ஒரு பெண் நெருக்கடி தாங்காமல் விலகிக்கொண்டார். அதைச் சாக்காக வைத்துக் கிரே மீதே குற்றம் சாட்டினார்கள். முன்பு ‘முன்னால் நிறுத்தத் தகாதவர்கள்’ என்று விடப்பட்ட இருவர் இப்போது வழக்கின் தூண்கள்.

மே 11 அன்று மூன்று நீதிபதிகள் முன் விசாரணை. கிங்தான் தூண்டிவிட்டார், மற்றவர்கள் அவர் பின்னால் போனவர்கள் என்று காட்ட நகரத் தரப்பு முயன்றது. உங்கள் தலைவர் யார் என்று கோல்வினிடம் கேட்டார்கள். எங்கள் தலைவர்கள் நாங்களேதான் என்றார் அந்தப் பெண். கைக்குழந்தையின் தாயாக, பதினாறு வயதில், கூண்டில் நின்றுகொண்டு.

சட்டக்கேள்வி இதுதான். அடிமை முறை ஒழிந்தபின் 1868இல் நிறைவேறிய பதினான்காவது திருத்தம், சட்டத்தின் சமமான பாதுகாப்பை எந்த மாநிலமும் யாருக்கும் மறுக்கக்கூடாது என்கிறது. 1896இல் உச்ச நீதிமன்றம், வசதிகள் சமமாக இருந்தால் தனித்தனியாக வைப்பது தவறில்லை என்று சொல்லி அந்தத் திருத்தத்தின் உயிரை எடுத்தது. 1954 தீர்ப்பு பள்ளிகளைப் பொறுத்தவரை அதைத் தள்ளியது. பள்ளிக்குச் சொன்னது பேருந்துக்கும் பொருந்துமா? ஜூன் 5 அன்று நீதிபதிகள் ரைவ்ஸும் ஜான்சனும் பொருந்தும் என்றார்கள், லின் மறுத்தார். தென்மாநிலத்தவர்களான அந்த இரு நீதிபதிகளும் இதற்குக் கொடுத்த விலை சிறிதில்லை. ரைவ்ஸின் இறந்துபோன மகனின் கல்லறையை அசிங்கப்படுத்தினார்கள்.

நகரம் மேல்முறையீடு செய்தது. நவம்பர் 13 அன்று, பகிர்வுக் கார்களைத் தடைசெய்யக் கோரி நகரம் தொடுத்த வழக்குக்காகக் கிங் மான்ட்கமரி நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தபோது செய்தி வந்தது: உச்ச நீதிமன்றம் ஜூன் தீர்ப்பை உறுதிசெய்துவிட்டது. அதே நாளில் கார்களுக்குத் தடையும் வந்தது. வென்றாயிற்று, ஆனால் ஆணை ஊர் வந்து சேரவில்லை, கார்களும் இல்லை. அந்த ஐந்து வாரம் மக்கள் நடந்தார்கள். டிசம்பர் 20 அன்று ஆணை வந்தது. 381 நாள் ஆகியிருந்தது. மறுநாள் காலை பேருந்தில் ஏறி, முன்வரிசையில் உட்கார்ந்தார்கள்.

தீர்ப்புக்குப் பிறகு

ஒரு வாரத்தில் பேருந்துகள்மீது துப்பாக்கிச்சூடு தொடங்கியது. ஒரு கர்ப்பிணியின் இரு கால்களிலும் குண்டு பாய்ந்தது. 1957 ஜனவரி 10 அன்று நான்கு தேவாலயங்களிலும் இரண்டு பாதிரியார்களின் வீடுகளிலும் குண்டுகள் வெடித்தன. வேலையை இழந்திருந்த ரோசா பார்க்ஸும் கணவரும் அந்த ஆண்டே டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

நகரப் பூங்காக்களின் கதைதான் என்னை அதிகம் உலுக்குகிறது. வெள்ளையருக்கென்று இருந்த ஓக் பூங்கா வழியாகக் குறுக்கே நடந்ததற்காக ஜார்ஜியா கில்மோரின் மகனைக் காவலர்கள் அடித்தார்கள். குடும்பம் வழக்குத் தொடுத்தது. எல்லோரையும் அனுமதிக்கவேண்டி வரும் என்று தெரிந்ததும், 1959 ஜனவரி 1 முதல் நகரம் தன் பூங்காக்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டது. நீச்சல் குளத்தை மண்ணிட்டு நிரப்பினார்கள். வெள்ளைக்காரக் குழந்தைகளுக்கும் ஆறு ஆண்டுகள் பூங்கா இல்லை. பேருந்தில் மூன்று இருக்கைகளைக் காலியாக விடத் துணிந்த அதே மனம், இப்போது ஒரு நகரத்தின் விளையாட்டுத் திடல்களையே காலியாக விட்டது. சட்டத்தில் எழுதிய ஒதுக்கலை நீதிமன்றம் அடித்துவிடலாம். நடைமுறையில் நிலைக்கும் ஒதுக்கலுக்கு வீடு, பள்ளி, வேலை என்று ஒவ்வொரு வாசலிலும் தனித்தனியாக வழக்காட வேண்டியிருந்தது.

கிளாடெட் கோல்வின் 1958இல் நியூயார்க்குக்குப் போய், முதியோர் இல்லமொன்றில் செவிலிய உதவியாளராகப் பல்லாண்டுகள் வேலைபார்த்தார். அவரும் மனுதாரராக நின்று வென்ற வழக்கு நாட்டின் சட்டத்தை மாற்றியது. ஆனால் 1955இல் அவர்மேல் நிலைத்த தாக்குதல் குற்றச்சாட்டு அப்படியே இருந்தது. நன்னடத்தைக் கண்காணிப்பு முடிந்ததாக அவருக்கு யாரும் எழுதித் தரவே இல்லை. அவர் ஊருக்கு வரும்போதெல்லாம் காவலர் பிடித்துவிடுவார்களோ என்று குடும்பம் பயந்தது. 2021இல், தம் 82ஆவது வயதில், அவர் மான்ட்கமரி சிறார் நீதிமன்றத்தில் மனுக்கொடுத்தார். அந்தப் பதிவை அழிக்க நீதிபதி உத்தரவிட்டார்.